நடராஜா கெடுத்த வைன்

மூன்று போத்தல்களும் மரக்கறிக் கூடையின் அடியில் இருந்தன. அவற்றின் மேல் இரண்டு கட்டு முளைக்கீரை, அதற்கும் மேல் ஒரு பூசணித் துண்டு. பங்களாவிலிருந்து வீட்டுக்கு இறங்கி வர தொழிலாளர்களின் லயங்களைக் கடக்க வேண்டும். மாதா கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிற ஜூலியட் கையில் போத்தலோடு நடந்து போனாள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக அவள் செய்த ஏற்பாடு அது. ஆனால் கூடையை அவள் இரு கையாலும் அணைத்துப் பிடித்து வந்த விதத்தைப் பார்த்த யாரும் உள்ளே கீரைதான் இருக்கிறது என்று நம்பியிருக்க மாட்டார்கள்.

"என்னங்க, மொதல்ல கதவ சாத்துங்க" என்றாள். நான் சாத்தியதும் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். "மூணும் வெள்ள வைன். வியாழக்கெழமைக்குள்ள என் கறியோட ஒத்துப் போறது எதுன்னு நான் கண்டுபிடிச்சாகணும். இல்லாட்டி இனிமே எனக்கு பங்களாவுல காலையில முட்டையும் ரோஸ்ட் பாணும் போடுறது மட்டுந்தான் வேல."

ஜூலியட் என் மனைவி. போன வருடம் மார்ச் மாதம் காலமானாள். அதன் பிறகு என்னைச் சந்திக்கிறவர்கள் எல்லோரும் அவளுடைய கடைசி மூன்று மாதங்களைப் பற்றியே கேட்கிறார்கள். எந்த வைத்தியசாலை, எந்த டாக்டர், சாப்பிட முடிந்ததா என்றெல்லாம். கேட்பவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நான் எழுத நினைப்பது அதற்கு இரண்டு வருடம் முந்திய ஒரு வாரத்தைப் பற்றி. அந்த வாரத்தில் அவள் இருந்தது போல ஒரு மனுஷி உற்சாகமாக இருந்து நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பழைய பங்களா ஒன்று உண்டு. இப்போது அங்கே வெளிநாட்டு விருந்தாளிகள் தங்குகிறார்கள். ஜூலியட் அப்போது பதினொரு வருடமாக அங்கே சமைத்து வந்தாள். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன். புதிதாக வந்த மேனேஜர் ஸுமைரா கொழும்பு முஸ்லிம் பெண். இருபத்தெட்டு வயது, ஹோட்டல் படிப்பு படித்தவள், எதையும் கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு செய்கிறவள். விருந்தாளிகளை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. இரவுச் சாப்பாட்டோடு வைன் குடிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம், உங்கள் கறியின் காரம் வைனைக் கெடுத்துவிடுகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று. ஸுமைரா கொழும்பில் ஒரு செஃப்பைப் பேசி வைத்துவிட்டாள். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து இரவுச் சாப்பாடு அவர் கையில். ஜூலியட்டுக்குக் காலைச் சாப்பாடு மட்டும்.

சமையலறையை இழப்பது என்பது ஜூலியட்டுக்கு என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. அவள் அன்று அழவில்லை. ஸுமைராவிடம் நேரே போய், "மிஸ், ஒத்துப் போற வைன் ஒன்ன நான் காட்டினா?" என்று கேட்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை அந்த ஏஜென்சியை நடத்துகிற அம்மாவே எட்டு விருந்தாளிகளோடு வருவதாக இருந்தது. ஸுமைரா ஸ்டோர் அறையைத் திறந்து, தன் பட்டியலில் இரவுச் சாப்பாட்டுக்கென்று எழுதியிருந்த வைன்களில் மூன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"நான் இத வாயில வெக்கிற இல்ல ஜூலியட் அக்கா. ஒங்கட நாக்க நம்பித்தான் தாரேன். வியாழக்கெழம சரி வராட்டி என்னால ஒன்டும் செய்ய ஏலாது."

ஜூலியட் இதைச் சொல்லும்போது ஸுமைராவைப் போலவே கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது.

"உன் நாக்க நம்பியா? நீ பூசைக்குப் போனா அப்பம் மட்டுந்தானே வாங்குற. வைன பாத்திருக்கியே தவிர குடிச்சிருக்கியா?"

"நீங்க குடிப்பீங்களே."

"நத்தாருக்கு அரைக் கிளாஸ் சாராயம்!"

அப்போதுதான் அவள் நடராஜாவின் பெயரைச் சொன்னாள்.

நடராஜா ஓப்பநாயக்க பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்களுக்கு இருபது வருட நண்பர். மிளகாய்த் தூளை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தே அதில் அரிசிமா கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சனிக்கிழமை தோறும் கடையைப் பூட்டிவிட்டுச் சாராயமும் குடிப்பார். ஆக, காரத்துக்கும் குடிக்கும் ஒரே நாக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை அவரையும் அவர் மனைவி இராஜகுமாரியையும் சாப்பிட அழைத்தோம்.

ஐந்தரைக்கெல்லாம் வந்துவிட்டார்கள். இராஜகுமாரி தனக்குக் குடிக்க ஒரு பெரிய ஸ்ப்ரைட் போத்தலும் கொண்டு வந்திருந்தாள். மேசையில் மூன்று வைன் போத்தல்களைக் கண்டதும் நடராஜா செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

"மாஸ்டர், பாதர் யாரும் வாறாரா?"

"இல்ல. நீங்கதான் இன்னைக்குப் பெரியாள். உக்காருங்க."

ஒரு போத்தலில் தக்கை இருந்தது. அதைத் திறக்கும் சாமான் எங்கள் வீட்டில் எங்கே இருக்கப் போகிறது? நடராஜா அகப்பைக் காம்பை வைத்து ஒரே குத்தாகக் குத்தித் தக்கையை உள்ளே தள்ளினார். வைன் பீறிட்டு அவர் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. "சரி, மொதல் கிளாஸ சட்டை குடிச்சிருச்சு" என்றார்.

ஜூலியட் சோறு பரிமாறினாள். நாட்டுக்கோழிக் கறி, கருவாட்டுப் பிரட்டல், பருப்பு, அவித்த மரவள்ளிக் கிழங்கு, கட்டசம்பல். கொச்சிக்காய்த் தூளும் சின்ன வெங்காயமும் மாசிக் கருவாடும் உப்பும் சேர்த்து இடித்து, தேசிக்காய் பிழிந்த அந்தச் சம்பலின் சிவப்பு, பார்க்கும்போதே வாய் ஊற வைத்தது. பங்களாவில் எவ்வளவு காரமோ அதே காரம். ஒரு சிட்டிகைகூட அவள் குறைக்கவில்லை. பிறகு ஒவ்வொருவர் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கிளாஸ் வைத்து முதல் போத்தலை ஊற்றினாள்.

நடராஜா கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"தங்கச்சி, சோத்த போட்டுட்டீங்களே!"

"சாப்பிடத்தானே அண்ணே கூப்பிட்டேன்."

"அதில்ல. சோத்த போட்டுட்டு கிளாஸயும் வைக்கிறீங்களே. குடிக்கிறதுன்னா மொதல்ல குடிக்கணும். பைட்டுக்குக் கடலை என்னமாச்சும் கடிச்சிக்கிறணும். சோத்துல கைய வச்சா அதோட குடி முடிஞ்சிது. ரெண்டையும் ஒண்ணா செஞ்சி எனக்குப் பழக்கமில்ல."

"வெள்ளக்காரங்க அப்பிடித்தான் குடிப்பாங்க அண்ணே. ஒரு வாய் சோறு, ஒரு வாய் வைன்."

"அவங்களுக்குச் சோறுன்னா என்னன்னு தெரியுமா?"

இராஜகுமாரி அவர் விலாவில் இடித்தாள். "அக்காவுக்கு வேல போகப் போகுது. நீங்க நாயம் பேசிக்கிட்டு இருக்கீங்க. குடிங்க!"

குடித்தார். நாங்கள் எல்லோரும் குடித்தோம். ஜூலியட்டும் ஒரு மிடறு விழுங்கி, கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"வினாகிரி" என்றாள் இராஜகுமாரி.

"கோழிய தின்னுட்டு குடிங்க" என்றாள் ஜூலியட்.

கோழிக் கறியோடு அந்த வைன் சேர்ந்ததும் என் வாயில் யாரோ அடுப்பை ஊதிவிட்டது போல் இருந்தது. காரம் அடங்கவில்லை, இரண்டு மடங்காக எரிந்தது. நடராஜாவின் காது மடல் சிவந்துவிட்டது. ஜூலியட் என் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினாள்: ஒன்று, காரத்தை ஏத்தி விடுது.

இரண்டாவது போத்தல் மஞ்சளாக இருந்தது. விலை கூடியதும் அதுதான் என்று சொல்லியிருந்தாள். நடராஜா வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்தார். "புதுசா வார்னிஷ் அடிச்ச அலுமாரிய நக்கினாப்ல இருக்கு." கருவாட்டோடு குடித்தபோது கசந்தது. மூன்றாவது, கருவாட்டோடும் சேரவில்லை, கோழியோடும் சேரவில்லை. ஆணியை வாயில் வைத்திருப்பது போல ஒரு இரும்பு ருசி நாக்கில் நின்றது.

ஜூலியட் கொப்பியை மூடிவிட்டு சமையலறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன். கறிச்சட்டியின் முன்னால் அகப்பையோடு நின்றாள்.

"தேங்காப் பால் ஊத்தி, கொச்சிக்காய பாதியா கொறச்சா ஒத்துப் போகும்" என்றாள். "ஆனா அப்பறம் அதுக்கு நான் எதுக்குங்க? கொழும்பு செஃப் என்னைய விட நல்லா செய்வாரு."

இருவரும் திரும்பி வந்தபோது நடராஜாவின் கதிரை காலியாக இருந்தது. அவருடைய கிளாஸையும் காணோம். மரவள்ளிக் கிழங்குப் பாத்திரத்தையும் காணோம்.

"பின் வாசல்ல இருக்காரு" என்றாள் இராஜகுமாரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "என்னைய கேக்காதீங்க."

நடராஜா பின்படியில் அமர்ந்திருந்தார். ஒரு பக்கம் கிழங்கு, மடியில் சம்பல் கிண்ணம். கையிலிருந்த கிளாஸில் ஐஸ் மிதந்தது, குமிழி கிளம்பியது. பக்கத்தில் முதல் போத்தல் வைனும் மனைவியின் ஸ்ப்ரைட் போத்தலும் தோளோடு தோளாக நின்றன.

"அண்ணே! வைனுக்குள்ள ஸ்ப்ரைட்டா ஊத்துனீங்க?"

"கோவிக்காதீங்க தங்கச்சி. வெறுசா எறங்க மாட்டேங்குது. சாராயத்துக்கு ஊத்துற மாதிரி பாதிக்குப் பாதி ஊத்திட்டேன்."

"கெடுத்துட்டீங்களே! அது எவ்வளவு பெரிய வைன்!"

"கெட்டது கெட்டதுதான். ஆனா இப்ப ஷோக்கா போகுது. கிழங்கும் சம்பலும் உள்ள போய்க்கிட்டே இருக்கு பாருங்க."

உண்மையில் கிழங்கு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. காரம் தாங்காமல் மேசையில் காது மடல் சிவந்த அதே மனிதர்தான். ஜூலியட் அதைக் கவனித்தாள். நான் கவனிக்கவில்லை. அவள் அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். படியிலேயே குந்தி, ஒரு துண்டுக் கிழங்கில் சம்பலை அள்ளிப் பூசி வாயில் போட்டாள். மென்றாள். மறுபடி குடித்தாள். மறுபடி சம்பல்.

"என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "எரியல! காரம் இருக்கு, எரியல! கொச்சிக்காயோட வாசம்கூட தெரியுது! வந்து குடிங்க!"

குடித்தேன். அவள் சொன்னது சரி. சம்பல் நாக்கில் ஏறி நின்றது. அந்தக் குளிர்ந்த இனிப்பு வந்து அதைத் தடவிக் கொடுத்து இறக்கியது. உடனே அடுத்த வாய் வேண்டும் போல் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் நடந்ததை எப்படி எழுதுவது? ஜூலியட் வீட்டிலுள்ள அத்தனை கிளாஸையும் வரிசையாக வைத்தாள். ஒன்றில் வைனும் ஐஸ் தண்ணீரும். ஒன்றில் வைனும் சீனிப் பாணியும். ஒன்றில் வைனும் சோடாவும். நாங்கள் மூவரும் வரிசையாக நின்று ஒரு வாய் சம்பலும் ஒரு மிடறுமாக, சொன்னதைச் செய்தோம். தண்ணீர் கலந்ததில் எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. சோடா கலந்தது குத்தியது. சீனிப் பாணி கலந்ததில் எரிச்சல் நன்றாக அடங்கியது.

"இனிப்பு!" என்றாள். "அதோட வெறி கொறயணும். புளிப்பு அப்பிடியே இருக்கட்டும், கருவாட்டுக்கு அது நல்லம். கொச்சிக்கா மேல தப்பே இல்லைங்க. இவ்வளவு நாளும் வைன்தான் தப்பா குடுத்திருக்காங்க!"

வினாகிரி என்று சொன்ன இராஜகுமாரி மூன்றாவது கிளாஸில் இருந்தாள். "அக்கா, இன்னுங் கொஞ்சம் சோதிச்சுப் பாக்கணும்" என்று கிளாஸை நீட்டினாள். நடராஜா, "நாந்தானே கண்டுபிடிச்சேன், என் பேரயும் கொப்பியில எழுதுங்க மாஸ்டர்" என்றார். எழுதினேன். சிரித்துச் சிரித்து ஜூலியட் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒரு கேள்வி மிஞ்சியது. ஏஜென்சி அம்மாவின் மேசையில் ஸ்ப்ரைட் ஊற்றிய வைனை வைக்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் ஜூலியட்டோடு பங்களாவுக்கு ஏறினேன். ஸுமைரா ஸ்டோர் அறையைத் திறந்துவிட்டாள். போத்தல்களின் பின்பக்க லேபிள்களைப் படிப்பது என் வேலை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூசி தட்டினேன். மதுசாரம் பதின்மூன்று சதவீதம், பதினான்கு சதவீதம், ஒன்றிலும் இனிப்பு இல்லை. கீழ்த் தட்டில், சுவரை ஒட்டி, மெலிந்து நீண்ட ஆறு போத்தல்கள் இருந்தன. ஜெர்மனியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். எட்டரை சதவீதம். லேசான இனிப்பும் பழப் புளிப்பும் என்று எழுதியிருந்தது.

"அது புடிங்கோட குடுக்கிறதுன்டு லிஸ்ட்ல ஈக்குது சேர்" என்றாள் ஸுமைரா. "ஆரும் கேக்கிற இல்ல."

"மிஸ், ஒன்ன தொறக்கலாமா?" என்று ஜூலியட் கேட்டாள். கையில் ஏற்கனவே ஒரு சிறிய டப்பாவில் சம்பல் இருந்தது.

ஸுமைராவே திறந்து ஊற்றினாள். ஜூலியட் சம்பலை நக்கி, ஒரு மிடறு குடித்தாள். ஸுமைராவின் முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினாள், சின்னப் பிள்ளை ஐஸ்கிரீமுக்கு ஆட்டுவது போல.

"ஷுவரா?"

"ஷுவர் மிஸ். கிழங்கு, சம்பல், கருவாடு, இதுகள சோத்துக்கு முன்னாடியே குடுப்போம். வைன் அதோட போகட்டும்."

ஸுமைரா பட்டியலை எடுத்தாள். ரீஸ்லிங் என்பதற்கு நேரே இருந்த புடிங்கை வெட்டிவிட்டு மேலே கிழங்கு, சம்பல், கருவாடு என்று எழுதினாள். ருசி பார்க்க முடியாத ஒன்றை அடுத்தவள் சொன்னதற்காக எழுதுவது லேசான காரியம் இல்லை.

வியாழக்கிழமை மெனு அட்டை எழுதித் தர என்னையும் வரச் சொன்னாள். ஏழு மணிக்கு ஒன்பது பேரும் மேசைக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஸுமைராவுக்குத் தைரியம் போய்விட்டது. சமையலறைக்குள் ஓடி வந்தாள்.

"அக்கா, சம்பலுக்குக் கொஞ்சம் தேங்காப்பூ போட்டு காரத்த கொறப்பமா? கொஞ்சந்தான். எனக்குப் பயமா ஈக்குது."

ஜூலியட் உரலில் இடித்த சம்பலைக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம்தான். துருவிய தேங்காய்ப்பூ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தாள்.

"மிஸ், காரத்த கொறச்சா அந்த வைன் சும்மா பாணி மாதிரி இனிக்கும். இது அதப் பிடிச்சிருக்கு, அது இதப் பிடிச்சிருக்கு. ஒன்ன விட்டா ரெண்டும் விழுந்துரும்." கிண்ணங்களைத் தட்டில் அடுக்கி நீட்டினாள். "கொண்டு போகச் சொல்லுங்க."

தட்டு போனது. நாங்கள் மூவரும் பரிமாறும் அறைக் கதவின் பின்னால் நின்றோம். ஏஜென்சி அம்மா நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கிழங்கை எடுத்தார். சம்பலை ஒரு கரண்டி நிறைய எடுத்தார். ஸுமைரா மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த அம்மா மெல்ல ஆரம்பித்து, நிறுத்தினார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. கண்ணில் நீர் நிறைந்தது. கிளாஸை எடுத்து நீளமாகக் குடித்தார். கிளாஸை வைத்தார். மேசை முழுவதும் அவரைப் பார்த்தது.

அந்த அம்மா அடுத்த கிழங்குத் துண்டை எடுத்தார். முன்னதைவிட ஆழமாகச் சம்பலில் தோய்த்தார்.

ஜூலியட் என் முழங்கையைக் கிள்ளினாள். சரியாக வலித்தது.

அதன் பிறகு மேசையில் பேச்சு கூடியது, சிரிப்பு கூடியது. ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டே கருவாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஐந்து போத்தல்களும் இருபது நிமிடத்தில் காலி. சோறு போகும் நேரம் ஸுமைரா தலையில் கை வைத்தாள்.

"அக்கா, வைன் முடிஞ்சிட்டு! சோத்துக்கு என்ன குடுக்கிற?"

"சோத்துக்கு எதுக்கு மிஸ் வைன்? தண்ணி வைங்க. இனி கோழிய யாரு தடுக்கப் போறா?"

யாரும் வைன் கேட்கவில்லை. கோழிச் சட்டி இரண்டு முறை உள்ளே போய் வந்தது. கடைசியில் சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று செய்தி வந்தது. ஜூலியட் கையைத் துடைத்து, சேலையைச் சரிசெய்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஒன்பது பேரும் கை தட்டினார்கள். அந்த அம்மாவின் உதடுகள் இன்னும் சிவந்திருந்தன. இன்னும் இரண்டு வாரத்தில் அடுத்த குழு வருகிறது, அப்போதும் நீங்கள் இங்கே இருப்பீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். ஜூலியட் திரும்பி ஸுமைராவைப் பார்த்தாள்.

ஸுமைரா கண்ணாடியைத் தள்ளிவிட்டு, அந்த அம்மாவிடம் ஆங்கிலத்திலேயே சொன்னாள். எங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு இவர்தான் பொறுப்பு, வேறு யாரும் வரப்போவதில்லை என்று.

"மிஸ் என்னங்க சொன்னாங்க?" என்றாள் ஜூலியட். அவளுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். பதினொரு வருடம் அந்த வீட்டில் இருந்தவள்.

சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

அத்தனை பேர் முன்னிலையில், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி, இன்னொருமுறை சொன்னேன்.